ஆட்டத்துக்கு மட்டும்

காலை ஒன்பது நாற்பது. திரையில் பதினேழு சதவீதம். எதிரே யூஜின் மச்சாது. நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டிருந்தது. வளர்வது கண்ணுக்குத் தெரியவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் மட்டும் ஒரு நூல் கூடியிருந்தது, ஆகவே யூஜின் ஜன்னல் பக்கம் பார்த்தான், திரும்பினான், மறுபடி பார்த்தான். தலையைத் திருப்புவதுதான் அவனால் தானாகச் செய்ய முடிந்த காரியம். ஐந்து வருடமாகக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. சக்கர நாற்காலியின் முதுகிலிருந்து வளைந்து வரும் கம்பியின் நுனியில், மோவாய்க்கு நேராக, கட்டைவிரல் பருமனில் ஒரு குச்சி. பக்கத்திலேயே வாய்க்கு எட்டுகிற மாதிரி ஒரு குழாய். மோவாயால் குச்சியைத் தள்ளினால் திரையில் அம்பு நகரும். குழாயில் ஊதினால் ஒரு பொத்தான், உறிஞ்சினால் இன்னொரு பொத்தான். அவனுடைய இரண்டு கைகளும் அவைதான். அந்தக் கைகளால்தான் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்காக ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்துப் பதிவு செய்தான், அக்காவுக்குப் போன் போட்டான், மின்விசிறியைக் கூட்டினான், குறைத்தான், மாலையில் கார்ப் பந்தயம் ஆடினான். எல்லாம் ஒரே கணினி. அதன் வட்டில் பாதியை ஒதுக்கி, விளையாட்டுக்கு மட்டும் என்று யாரோ எழுதிய இன்னோர் இயங்குதளம் இப்போது உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பில்லும் போனும் விசிறியும் பழைய தளத்தோடு மற்றப் பாதியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தன. இந்த வேலை முடிகிறவரை அவன் யாரையும் கூப்பிட முடியாது. விசிறி, ஜெசிந்தா அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போன வேகத்தில் சுற்றியது. மூக்கின் இடது பக்கம் அரிப்பதுபோல இருந்தது. அரிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததும் நன்றாக அரித்தது.

புதிய தளத்துக்கு இந்தக் குச்சியைத் தெரியுமா? அதைத் தவிர வேறு எதையும் நினைக்கலாம் என்று பார்த்தான். கணினியில் விளையாடுகிறவனுக்குத் தனி இயங்குதளம் தேவையா என்று இணையத்தில் ஒரு சண்டை மாதக்கணக்கில் நடந்தது, அதை நினைத்தான். வேண்டாததை அணைத்து வைத்தால் போதும், அதற்காக வீட்டையே மாற்றுவாயா என்று கேட்டான் ஒருவன். அணைத்து வைத்ததை அடுத்த அப்டேட் மறுபடி போட்டுவிடுகிறதே, அப்படியானால் அது யார் வீடு என்று கேட்டான் இன்னொருவன். ஆட்டத்தில் திருட்டுத்தனத்தைத் தடுக்கிற காவல் மென்பொருள்கள் புதிய தளத்தைக் கண்டால் யோக்கியனையும் சேர்த்து வெளியே தள்ளும் என்று மூன்றாமவன் பயமுறுத்தினான். அது உண்மைதான், யூஜின் ஆடும் ஆட்டங்களில் இரண்டு இந்தப் பக்கம் வராது. நொடிக்கு எத்தனை படம், எத்தனை மில்லி நொடி தாமதம் என்று ஆளுக்கு ஆள் வரைபடத்தோடு வந்து அடித்துக்கொண்டார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் யூஜின் தன் கேள்வியைப் போட்டான். கை இல்லை, மோவாய்க் குச்சி, ஊதுகுழாய், இன்ன ரகம், வேலை செய்யுமா? இரண்டு நாள் யாரும் பேசவில்லை. பிறகு ஆந்தைப் படம் வைத்திருந்த ஒருவர் எழுதினார்: வேலை செய்ய வேண்டும். அப்படி நினைத்துத்தான் அந்தப் பகுதியை எழுதினேன். ஆனால் என்னிடம் அந்தக் கருவி இல்லை, நான் சோதித்துப் பார்த்ததில்லை. அந்தப் பதிலை யூஜின் எத்தனையோ தடவை படித்துவிட்டான். வேலை செய்ய வேண்டும் என்ற இடத்தில் மனம் ஏறும், சோதித்துப் பார்த்ததில்லை என்ற இடத்தில் இறங்கும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் புல்லரித்தது நடு வரியில்தான். அப்படி நினைத்து. எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ, சம்பளம் இல்லாமல், தூத்துக்குடியில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒருத்தன் ஊதப்போகிறான் என்று தெரியாமலே, ஊதுகிறவன் ஒருத்தன் இருப்பான் என்று நினைத்து ஓர் ஆள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கையில்லாதவனுக்கு வேலைக்கு வழி செய்கிறவர்கள் உண்டு, மருந்துக்கு வழி செய்கிறவர்கள் உண்டு. அவன் விளையாட வேண்டும் என்று ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். இருபத்தாறு சதவீதம்.

பழைய தளத்தின்மேல் யூஜினுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அது பெரிய சம்சாரி. ஆயிரம் பேருக்குப் பதில் சொல்கிறது. ஆனால் ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒரு பந்தயத்தில் அவன் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தான், கடைசிச் சுற்று, கடைசி வளைவு, வெளியே வரும்போது முழு வேகம் கொடுக்க வேண்டும், அதற்கு மூச்சை அடக்கி வைத்திருந்தான், அப்போது காருக்குக் குறுக்கே ஒரு பெட்டி வந்து நின்றது. உங்கள் கணினிக்குப் புதிய பாதுகாப்பு வந்திருக்கிறது. இப்போதே மறுதொடக்கமா, பிறகா? அடக்கிய மூச்சை அடக்க முடியவில்லை. ஊதினான். ஊதியது காருக்குப் போகவில்லை, இப்போதே என்ற பொத்தானுக்குப் போனது. இருட்டு. பிறகு சுற்றுகிற வட்டம், பிறகு வணக்கம் சொல்லும் திரை. கூட ஓடியவர்கள் அன்றைக்கு, எங்கே போனான் இந்த ஆள் என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும், அவர் உடம்புக்கு முடியாதவர், பாவம், விட்டுவிடுங்கள் என்று எழுதினான். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பான். யூஜின் அந்த வரியை இரவெல்லாம் மென்றுகொண்டு கிடந்தான். துறைமுகத்தில் அவன் கிரேன் ஓட்டிய ஏழு வருடத்தில் ஒருவரும் அவனைப் பாவம் என்று சொன்னதில்லை. அங்கே ஒரு சட்டம் உண்டு. கீழே நூறு பேர் நிற்பார்கள், சூப்பர்வைசர், லாரிக்காரன், கப்பல்காரன், எல்லோரும் கத்துவார்கள். கிரேன்காரன் பார்க்க வேண்டியது ஒரே ஒரு கையை. சிக்னல் காட்டுகிற அருளப்பன் அண்ணனுடைய கை. அது ஏற்றச் சொன்னால் ஏற்ற வேண்டும், இறக்கச் சொன்னால் இறக்க வேண்டும். துறைமுகத்துக்கே தலைவர் வந்து நின்று கையாட்டினாலும் கணக்கில்லை. ஒன்றே ஒன்று விலக்கு. நிறுத்து என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். டீ கொண்டுவருகிற ஆள் ஸ்டாப் என்று கத்தினாலும் நிறுத்திவிட்டுத்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

ஏறும்போது போனைக் கீழே கொடுத்துவிட வேண்டும், அதுவும் சட்டம். பலருக்கு அது எரிச்சல். யூஜினுக்கு அதுதான் ஏறுவதிலேயே பிடித்த படி. போனைக் கொடுத்துவிட்டு ஏறினால் அம்மா கூப்பிட முடியாது, சீட்டுக்காரர் கூப்பிட முடியாது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்திருக்கிறோம் என்று சித்தி கூப்பிட முடியாது. மேலே கூண்டு. தரையே கண்ணாடி. காலுக்கு நடுவில் நேர் கீழே கடல், கப்பலின் வயிறு, தீப்பெட்டி தீப்பெட்டியாகச் சரக்குப் பெட்டகங்கள். இரண்டு கைக்கும் இரண்டு குச்சி. அந்தக் கூண்டில் உட்கார்ந்து பில் போட முடியாது, சாப்பிட முடியாது, யாருக்கும் பதில் சொல்ல முடியாது. தூக்கலாம், வைக்கலாம். முப்பது டன் பெட்டகம் கயிற்றின் நுனியில் ஆடும். கை ஒன்று சொன்னால் அது கொஞ்சம் பிந்தித்தான் கேட்கும். அந்தப் பிந்தலைக் கை முன்கூட்டியே படித்துவிட வேண்டும். படித்துவிட்ட பிறகு ஒரு நாள், எந்த நாள் என்று ஞாபகமில்லை, பெட்டகம் ஆடவே இல்லை. அவன் நினைத்தான், அது போய் உட்கார்ந்தது. சத்தமே இல்லை. அன்றைக்கு அவன் கூண்டில் தனியாக உட்கார்ந்து, ஏசுவே, என்றான். வேறு சொல் வரவில்லை. அவன் விழுந்து கழுத்தை ஒடித்துக்கொண்டது கூண்டிலிருந்து இல்லை. ஷிப்ட் முடிந்து, எல்லாம் அணைத்து, இறங்கும்போது ஏணியின் கடைசிக்கு முந்தின தட்டில், மழை ஈரத்தில், கால் வழுக்கியது. கேட்கிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும், ஆகவே அவன் யாரிடமும் விவரமாகச் சொல்வதில்லை. நாற்பத்தொரு சதவீதம்.

இன்று காலை அக்காவோடு நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது, அக்காவுக்கு எட்டரை மணிக்குச் சண்டை போட நேரம் இருப்பதில்லை. புதிய தளம் இருந்த பென்டிரைவைச் சொருகி, கீபோர்டில் தட்டித் தொடக்கிவிட்டு, கொண்டையில் ஊசி குத்திக்கொண்டே கேட்டாள். "ஏல, ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ள இருந்தா, தொறக்கும்போது எது வரும்?" கேட்கும் என்றான் யூஜின். தொடங்கும்போது இதுவா அதுவா என்று திரை கேட்கும், கீபோர்டில் தட்ட வேண்டும், யாரும் தட்டாவிட்டால் முதலாவது என்று குறித்து வைத்ததைத் தானாகத் திறந்துகொள்ளும். "ஒன் குச்சிய வச்சுத் தட்ட முடியாதா?" "அந்த நேரத்துல குச்சி அதுக்குத் தெரியாதுக்கா. தளம் வந்த பெறகுதான் தெரியும்." அக்கா ஊசியை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஊசியோடு யோசித்தால் விவகாரம். "அப்பம் பகல்ல கரண்ட்டு போயிட்டு வந்தா? நான் ஸ்கூல்ல இருக்கேன். பொட்டி தானாத் தொறக்கும். எது வரணும்? பழசுதான மொதல்ல வரணும்? அதுலதான போனு?" "புதுசு வரட்டும்கா." "மூச்சு முட்டுனா யாரக் கூப்பிடுவ? அந்தக் காரையா?" "அஞ்சு வருசமா முட்டலல்லா." "அதுலயும் போன ஏத்தலாம்னு நீதானல சொன்ன?" "ஏத்தலாம். பெறகு பில்ல ஏத்தலாம், விசிறிய ஏத்தலாம், ஒங்க ஹெச்.எம்.மையும் ஏத்தி ஒக்கார வைக்கலாம்." அக்கா சிரித்துவிட்டாள், சிரித்தது அவளுக்கே பிடிக்காமல் உடனே நிறுத்தினாள். "சாயங்காலம் வந்து பேசிக்கிடுவோம். அதுவரைக்கும் எதையும் ஊதி வைக்காத." வீட்டுக்கு வருகிறவர்களிடம் அக்கா சொல்வது வேறு. கேம் ஆடுவது அவனுக்கு நல்லது, மூளைக்குப் பயிற்சி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பாள். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அவன் மருந்து சாப்பிடுகிறான் என்று அவர்களுக்கு நிம்மதி. தெருவில் கோலிக்குண்டு ஆடுகிற பயலிடம் யாராவது, விரலுக்குப் பயிற்சியா என்று கேட்பார்களா? அக்காமேல் குற்றம் சொல்ல அவனுக்கு வாயில்லை. தண்ணீர் கொடுப்பது அவள், திருப்பிப் படுக்க வைப்பது அவள், ராத்திரி இருமினால் எழுந்து வருவது அவள். அவளுக்கு வேண்டியதெல்லாம் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், அவ்வளவே. அது நியாயம். அவனுக்கு வேண்டியது ஒரு நாளில் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிட முடியாத இடம். இதுவும் நியாயமாகத்தான் தோன்றியது. இரண்டு நியாயத்துக்கும் சேர்த்து முதலாவது என்று குறிக்க ஒரே இடம்தான் இருந்தது.

அறுபத்தெட்டில் திரை கறுத்தது. சட்டென்று, சொல்லாமல். கீழே பெட்டி உறுமுவது கேட்டது, ஆனால் படம் இல்லை. யூஜினுக்கு உச்சந்தலையில் வியர்த்தது. வியர்வை வருகிற ஒரே இடம் அதுதான். செத்துவிட்டதா? பாதி எழுதிய நிலையில் செத்தால் பழையதும் போகும் புதியதும் போகும் என்று சண்டைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். ஆறு மாதம் சேர்த்து வாங்கிய குச்சி, கம்பியில் தொங்கும் வெறும் குச்சியாகிவிடும். இல்லை, இல்லை, வெகுநேரம் யாரும் தொடாவிட்டால் திரை தானாகத் தூங்கும், எல்லாக் கணினியிலும் உள்ளதுதான், தொட்டால் விழித்துக்கொள்ளும். தொட்டால். அங்கே மனம் சிக்கியது. தொடுவதென்றால் மோவாயால் குச்சியை ஒரு தடவை தள்ள வேண்டும். தள்ளித் திரை விழித்துவிட்டால் புதிய தளத்துக்குக் குச்சியைத் தெரியும், ஆந்தை சொன்னது பலித்தது. விழிக்காவிட்டால்? செத்ததால் விழிக்கவில்லையா, குச்சியைத் தெரியாததால் விழிக்கவில்லையா, அது தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று முடிந்தது என்பது தெரிந்துவிடும். குச்சி மோவாயிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தது. தள்ளலாம். தள்ளாமலும் இருக்கலாம். தள்ளாதவரை வேலை செய்ய வேண்டும் என்ற வரி அப்படியே இருக்கும். முப்பது டன்னைக் கண்ணாடித் தரைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு இருமாமல் இருந்தவன், ஒரு நெல்லிக்காய் கனமுள்ள குச்சியைத் தள்ளப் பயந்து கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தான். அலமாரியில் போன் அடிக்கத் தொடங்கியது. வழக்கமாக அந்தச் சத்தம் கணினி வழியாக வரும், ஓர் ஊது ஊதினால் அக்கா பேசுவாள். இன்று அது வெறும் போனாக அடித்தது, அடித்து நின்றது, மறுபடி அடித்தது. அக்காவுக்கு இடைவேளை. இந்த வேலை முடிகிறவரை போன் எடுக்காது என்று அவளிடம் அவன் சொல்லியிருக்கவில்லை. எடுக்கவில்லை என்றதும் அவள் முகம் எப்படி ஆகும் என்று அவனுக்குத் தெரியும். மூன்றாவது தடவை அடித்தது. கறுத்த திரையில் அவன் முகமே தெரிந்தது, மூக்கு பெரிதாக. அரித்தது. கீழே பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தால்தானே உறுமும்? விசிறிக் காற்றில் பூட்டு அசைவதுபோல ஒரு சத்தம், இல்லை, வாசல் பூட்டேதான், யாரோ திறந்தார்கள்.

"ஏ யூஜினு, இருக்கியா?" எதிர்வீட்டு தெக்லா மதினி. காலை ஆப்ப வியாபாரம் முடித்துக் கடையைக் கழுவிக்கொண்டிருந்தவள், சேலையை இடுப்பில் செருகியபடி, அக்கா கொடுத்து வைத்திருந்த சாவியோடு நின்றாள். "எங்க போகப் போறேன் மதினி?" என்றான். "வாயி மட்டும் நல்லா இருக்கு. ஒங்கக்கா அங்க கெடந்து துடிக்கா. தம்பி எடுக்க மாட்டேங்கான், ஓடிப் பாருங்க, ஓடிப் பாருங்கன்னு. நான் வாளிய அப்படியே போட்டுட்டு வாரேன்." அருகில் வந்து அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், சிரித்தாள். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்க. அவள்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்." "மதினி, மூக்கச் சொறிஞ்சு விடுங்க." "எந்தப் பக்கம்?" "இடது." சொறிந்தாள். உலகம் ஒரு கணம் தெளிவானது. அதற்குள் அவள் பார்வை திரைக்குப் போயிருந்தது. "இது என்ன கறுப்பாக் கெடக்கு? கீழ பொட்டி மட்டும் உறுமுது பாரு. சும்மா கெடந்து கரண்ட்ட இழுக்கு, இரு, அமத்திருதேன்." அவள் நல்ல பெண், யார் வீட்டிலும் வீணாக எரிகிற விளக்கைத் தாங்கமாட்டாள், பேசிக்கொண்டே இரண்டு எட்டில் சுவரிடம் போய்விட்டாள், விரல் சுவிட்சின்மேல் இருந்தது. "ஸ்டாப்!" என்று யூஜின் கத்தினான். ஐந்து வருடமாக அவன் அப்படிக் கத்தியதில்லை. அவனிடம் அவ்வளவு மூச்சு இருந்தது அவனுக்கே தெரியாது. மதினியின் விரல் அப்படியே நின்றது. கத்திய வேகத்தில் தலை முன்னால் போய் மோவாய் குச்சியில் இடித்தது. திரை வெளுத்தது.

நூறு சதவீதம் என்று எழுதியிருந்தது. அதன்மேல் ஓர் அம்பு, மோவாய் இடித்த திசையில் ஓடிப்போய் ஓரத்தில் நின்றது. யூஜின் மோவாயைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தான். அம்பு இடது பக்கம் வந்தது. மேலே. மேலே போனது. "என்னல ஆச்சு?" என்றாள் மதினி, சுவரோரத்திலிருந்தே, குரல் இறங்கி. ஆந்தை எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும், அங்கே இப்போது இரவாக இருக்கலாம். "மதினி, வேல செய்யுது." "எது?" "எல்லாம்." கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது திரையில். கணினி தொடங்கும்போது, யாரும் சொல்லாவிட்டால், முதலாவதாக எது வர வேண்டும்? இரண்டு வட்டம். அக்கா மாலையில் பேசலாம் என்றிருந்தாள். அம்பை முதல் வட்டத்துக்குக் கொண்டுபோனான், பழையது. அங்கே போன் இருந்தது, அக்காவின் தூக்கம் இருந்தது. இரண்டாவதுக்குக் கொண்டுபோனான். மறுபடி முதலாவதுக்கு. "எதையோ அங்கயும் இங்கயும் தேடுதியே," என்றாள் மதினி, கிட்டே வந்து குனிந்து. இதில் போன் வருமா என்று அவளும் கேட்டாள். "இதுல வராது மதினி." "பெறகு ஒங்கக்காட்ட என்ன சொல்ல?" "ஆடிக்கிட்டு இருக்கான்னு சொல்லுங்க." "அது போதுமா அவளுக்கு?" போதாது என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது வட்டத்தில் அம்பு இருந்தபோது ஊதினான். மதினி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "சரி, நான் சோத்த வடிச்சிட்டு ஒருக்கா எட்டிப் பாக்கேன். பெறகு ஒருக்கா பாக்கேன். இடையில செத்துகித்துப் போயிராத, எம்மேல பழி வரும்." "வாங்க மதினி." "வருவேம்ல."

திரை அணைந்தது, யாரும் எதையும் தட்டவில்லை, தானாக விடிந்தது. வணக்கம் இல்லை, செய்தி இல்லை, வானிலை இல்லை, உங்கள் கணினிக்கு என்று தொடங்கும் எந்த வாக்கியமும் இல்லை. வட்டில் இருந்த ஆட்டங்களைத் தானே கண்டுபிடித்து வரிசையாக நிறுத்தியிருந்தது, வேறு ஒன்றும் அங்கே இல்லை. காருக்குப் போனான். மதினி வாசலில் நின்று போனில் அக்காவோடு பேசுவது கேட்டது, இல்ல ஜெசிந்தா, நல்லா இருக்கான், இல்ல, பேச மாட்டானாம், ஆடுதானாம், ஆமா ஆடுதான், பிறகு கேட்கவில்லை. தனியாக ஓடிப் பார்க்கிற மைதானம், காலியான சாலை, ஒரு பக்கம் கடல் மாதிரி ஏதோ. ஊதினான். கார் போனது. ஊதுவதற்கும் போவதற்கும் இடையில் அவன் இத்தனை வருடம் பழகி வைத்திருந்த பிந்தல், முன்கூட்டியே ஊத வேண்டிய அந்தக் கணக்கு, எடுத்த எடுப்பிலேயே அவனைச் சுவரில் மோதவைத்தது, ஏனென்றால் இங்கே அந்தப் பிந்தல் இல்லை. சிரிப்பு வந்தது. பின்னால் எடுத்தான். மெதுவாக, ஒரு விளக்கை அணைக்காமல் ஊதுவதுபோல ஊதினான். அந்த அளவுக்குத்தான் நகர்ந்தது. மூச்சை நிறுத்தினான், நின்றது. மோவாயை ஒரு மயிரிழை சாய்த்தான், மூக்கு திரும்பியது. மூச்சுக்கும் காருக்கும் நடுவில் யாரும் இல்லை. யாரோ ஒருவர் மெனக்கெட்டு அங்கே இருந்த எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்பியிருந்தார். நெஞ்சு இருக்கிற இடத்தில் ஏதோ நிறைவதுபோல இருந்தது. அங்கே அவனுக்கு உணர்ச்சி கிடையாது, ஆனாலும் இருந்தது. வளைவு வந்தது. உறிஞ்சினான், வேகம் குறைந்தது, உள்விளிம்பைத் தொட்டு, சாய்ந்து, வெளியே, இப்போது முழு மூச்சு. திரையின் குறுக்கே எதுவும் வரவில்லை. வரும் என்று கழுத்து தானாக இறுகியது, காத்திருந்தது, வரவில்லை. சாலை நேராக நீண்டது. அவன் ஊதிக்கொண்டே இருந்தான்.

2026 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த ஓர் இணையக் கார்ப் பந்தயத்தின் முதல் சுற்றில் இருபது பேர் ஓடினார்கள். யூஜின் மச்சாது, புதிய தளத்திலிருந்து ஓடி, பதினெட்டாவதாக வந்தான். அடுத்த சுற்றுக்குத் தேர்வாகவில்லை.